அப்ப நான் வரேன்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் டெலிபோன் மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே உங்களை விட்டுவிட்டுப் போய்விட்டேன். ஏழு நாள் ஒரு மணி காதுக்குள் அடித்துக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? கோபித்துக்கொள்ளாதீர்கள். இதோ, வீட்டின் மூத்த மகள், பெரியவள், கையைத் துடைத்துக்கொண்டு ஓடுகிறாள்.

துடைத்துக்கொண்டு என்றா சொன்னேன்? இல்லை. உருளைக்கிழங்குத் தோல் ஒட்டிய ஈரக் கையோடுதான் ஓடினாள்.

அந்த ஏரிக்கரை வீட்டில் டெலிபோன் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. வருடா வருடம் இந்த மூன்று நாள் விடுமுறைக்கு அவர்கள் வாடகைக்கு எடுக்கும் வீடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரை விட்டு இறங்கும்போது பிடித்த மழை, சனிக்கிழமை காலை பத்து மணி வரை விட்டபாடில்லை. மாடி அறை ஒழுகியது. சாலைப் பாலம் ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீருக்குள் போய்விட்டது. அக்கரைக்குப் போகவும் வரவும் இனிப் படகு ஒன்றுதான் வழி. செல்போன்களெல்லாம் சிக்னல் இல்லாமல் ஜன்னலோரம் வரிசையாகப் படுத்துத் தூங்கின.

"ஹலோ?"

கரகரவென்று ஒரே இரைச்சல்.

"ஹலோ, யாரு?"

"அக்கா."

பெரியவள் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்தாள். மூன்று வருடம் கேட்காத குரல். ஆனாலும் ஒரே வார்த்தையில் அடையாளம் தெரிந்துவிட்டது.

"டேய் கொக்கு! நீயாடா?"

சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் கால் நீளம். அதனால் வீட்டில் எல்லோருக்கும் அவன் கொக்கு. பிறகு துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலைக்குப் போனபோது, இங்கிலீஷில் கொக்கும் கிரேன்தான், பேர் வைத்தவர்களுக்குத் தீர்க்கதரிசனம் என்று அவனே சிரித்தான்.

"அங்க ரொம்ப மழையாமே? டிவியில காட்டினாங்க. எல்லாரும் பத்திரமா இருக்கீங்களா?"

"இருக்கோம்டா. எல்லாரும் இங்கதான் இருக்கோம். நீ எங்க இருக்க?"

"துறைமுகத்துலதான். காத்து ஜாஸ்தின்னு கிரேனை நிறுத்திட்டாங்க. ரெண்டு நாளைக்கு வேலை இல்ல." கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். "அவர் கால் வலி எப்படி இருக்கு?"

'அவர்' யார் என்று பெரியவள் கேட்கவில்லை.

"பரவாயில்ல. படி ஏறும்போதுதான் கொஞ்சம் சிரமப்படறார். டேய், இங்க பாரு, பாலம் முங்கிப்போச்சு. ஆனா படகு ஆறு மணி வரைக்கும் ஓடுது. உன் கட்டில் காலியாத்தான் இருக்கு. கேக்குதா?"

எண்ணெயில் தண்ணீர் விழுந்ததுபோல் டெலிபோன் பொரிந்தது. பிறகு ஒரே ஒரு நொடி, பக்கத்தில் நின்று பேசுவதுபோல் தெளிவாக:

"சரிக்கா. அப்ப நான் வரேன்."

அதோடு லைன் போய்விட்டது.

பெரியவள் கூடத்துக்கு ஓடினாள். "தம்பி வரானாம்!"

கூடத்தில் மூன்று தலைமுறைக்கும் மழைக்காலத் தொழில் நடந்துகொண்டிருந்தது. பெரியவளின் கணவர், லிஃப்ட் மெக்கானிக், ஒழுகலுக்கு வைக்க வாளி தேடிக்கொண்டிருந்தார். இரட்டைப் பெண்கள் இருவரும், பத்து வயது, கம்பளியைக் கூடாரமாகக் கட்டி உள்ளே இருந்தார்கள். அப்பா மேஜையில் ஆயிரம் துண்டுப் படம் ஒன்றை அடுக்கிக்கொண்டிருந்தார். கப்பலும் கரையும் வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டன. பாக்கி இருந்ததெல்லாம் வானம். வெறும் நீல வானம், முந்நூறு துண்டு. ஜன்னலுக்கு வெளியே இருந்த வானத்தைப் பார்த்தால், யாரோ கேலி செய்வதுபோல் இருந்தது.

அப்பாவின் விரலில் ஒரு நீலத்துண்டு அப்படியே நின்றது.

கூடாரத்திலிருந்து ஒரு தலை நீண்டது. இரட்டையரில் ஒருத்திக்கு வீட்டில் கமா என்று பேர். மூச்சு விடாமல் பேசுவாள். "யாரு, கொக்கு மாமாவா, நிஜமாவா, எப்ப வரார், எதுல வரார், தனியாவா, எத்தனை நாள் இருப்பார்..."

"வரட்டும்," என்றது உள்ளேயிருந்து இன்னொரு குரல். அவள்தான் முற்றுப்புள்ளி.

யாரும் அப்பாவைப் பார்க்கவில்லை. எல்லோரும் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா அந்த நீலத்துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேஜைமேல் வைத்தார்.

"எத்தனை மணிப் படகு?" என்றார்.

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு இந்தக் கேள்வியின் எடை தெரியும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு, இதே வீடு, இதே விடுமுறை. மேகம் கட்டியிருக்கிறது, போகாதே என்று அப்பா சொல்லச் சொல்ல, தம்பி துடுப்புப் படகில் கமாவை ஏற்றிக்கொண்டு ஏரிக்குள் போய்விட்டான். அவளுக்கு அப்போது ஏழு வயது. நடு ஏரியில் மழை பிடித்தது. ஒரு மணி நேரம் படகு கண்ணிலேயே படவில்லை. கடைசியில் கோரைப்புல்லை விலக்கிக்கொண்டு கரைக்கு வந்தபோது குழந்தை கெக்கலித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தார்.

பயந்த மனிதன் வாயில் எது வரும் என்று யாருக்குத் தெரியும்? "உங்கம்மா இருந்திருந்தா உன்னைப் பெத்ததுக்கு வெக்கப்பட்டிருப்பா. போ! என் கண் முன்னாடி நிக்காத," என்றுவிட்டார். அம்மா போய் அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

தம்பி ஈரச் சட்டையோடு பையை எடுத்தான். வாசற்படியில் நின்று, "போறேன்," என்றான்.

நம்மில் யாராவது அப்படிச் சொல்வோமா? தெருமுனைக் கடைக்குப் போகிறவன்கூட 'போயிட்டு வரேன்' என்பான். சண்டை போட்டுவிட்டுக் கிளம்புகிறவனும் வாய்ப் பழக்கத்தில் 'வரேன்' என்றுதான் சொல்லித் தொலைப்பான். இவன் 'போறேன்' என்றான். அந்த வார்த்தை அன்றிலிருந்து அந்த வாசற்படியிலேயே கிடந்தது. யாரும் கூட்டித் தள்ளவில்லை.

மூன்று வருடத்தில் அவனிடமிருந்து வந்தவை, இரட்டையருக்குப் பிறந்தநாள் வாழ்த்து அட்டைகள். சின்னக்காவுக்கு, அதாவது பெரியவளின் தங்கைக்கு, ஒரு போன் நம்பர், 'அவசரம்னா மட்டும்' என்ற குறிப்போடு. அவ்வளவுதான். அப்பா அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. படகிலும் அதற்குப் பிறகு கால் வைக்கவில்லை.

அவர்தான் இப்போது எத்தனை மணிப் படகு என்று கேட்கிறார்.

"நேரம் சொல்லலப்பா," என்றாள் பெரியவள். "அங்கேருந்து அஞ்சாறு மணி நேரம் ஆகும். இப்பவே கிளம்பினா அஞ்சு மணிப் படகைப் பிடிக்கலாம்."

அப்பா தலையாட்டினார். எழுந்தார். குளியலறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் ரேசரைத் தண்ணீரில் தட்டும் சத்தம் கேட்டது. விடுமுறையில் சவரத்துக்கும் விடுமுறை விடுகிற மனிதர்.

பாதிக் கன்னத்தில் நுரையோடு எட்டிப் பார்த்து, "மாப்பிள்ளை," என்றார். "அவன் கட்டில் மேலதானே ஒழுகுது? ஈரத்துல படுத்தா அவனுக்கு மூக்கு அடைச்சுக்கும். என் கட்டிலைக் கொடுத்துடுங்க."

"அப்ப நீங்க, மாமா?"

"சோபா இருக்கே."

"உங்க உயரத்துக்கு அந்தச் சோபாவா? கால் ரெண்டும் நடைபாதையில நீட்டிக்கிட்டு இருக்கும். வர்றவங்க தடுக்கி விழுவாங்க."

"வரட்டும். விழுந்தா எழுந்துக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அப்பா மறுகன்னத்துக்குப் போனார்.

லிஃப்ட் மெக்கானிக் மனைவியைப் பார்த்து வாயைப் பிளந்தார். அப்பா ஜோக் அடித்து எத்தனை நாள் ஆயிற்று!

பெரியவள் உருளைக்கிழங்கிடம் திரும்பினாள். சந்தோஷத்தில் தோலோடு பாதிக் கிழங்கையும் சீவித் தள்ளினாள்.

சின்னவள் அப்போதுதான் மாடியிலிருந்து ஒழுகிய தண்ணீர் பிடித்த பேசினோடு இறங்கி வந்தாள். அவள் கோர்ட்டில் ஸ்டெனோ. வக்கீலும் சாட்சியும் பேசப் பேசச் சுருக்கெழுத்தில் எடுப்பது வேலை. கல்யாணப் பேச்சை எடுத்தால் 'ஆட்சேபணை' என்று கையைத் தூக்குவாள்.

"என்ன கலாட்டா? அப்பா ஷேவ் பண்றார். யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?"

"கொக்கு வரான்! போன் பண்ணினான்."

சின்னவளின் முகம் மலர்ந்தது. ஆனால் தொழில் புத்தி எங்கே போகும்? "என்ன சொன்னான்?"

"வரேன்னான்."

"அது உன் சுருக்கம். அவன் வாயிலேருந்து வந்ததைச் சொல்லு. வார்த்தை மாறாம."

"'சரிக்கா. அப்ப நான் வரேன்.' போதுமா?"

சின்னவள் பேசினைக் கீழே வைத்தாள். "திரும்பச் சொல்லு."

சொன்னாள்.

"முதல்ல 'அப்ப'வை எங்க விட்ட?"

"அதுல என்ன இருக்கு?"

"அதுலதான்க்கா எல்லாம் இருக்கு. 'நான் வரேன்'னா வரேன். 'அப்ப நான் வரேன்'னா..." சின்னவள் குரலைத் தாழ்த்தினாள். "உன் கடையில கண்ணு டெஸ்ட் பண்ணிக்கிட்டு எழுந்து போறவங்க என்ன சொல்றாங்க? 'அப்ப நான் வரேம்மா'ங்கறாங்க. திரும்பி வராங்களா?"

"கண்ணாடி உடைஞ்சா வருவாங்க."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

"கட்டில் காலியா இருக்குன்னு சொன்னேனே," என்றாள் பெரியவள். "அதுக்கு அப்புறம்தானே 'சரிக்கா'ன்னான்?"

"அது அவன் காதுல விழுந்துச்சா? கேக்குதான்னு நீ கேட்டதுக்கு, கேக்குதுன்னானா?"

பெரியவள் யோசித்தாள். இரைச்சல். எண்ணெயில் தண்ணீர். பிறகு அந்த ஒரு வாக்கியம்.

"இல்ல."

"அப்ப, 'எல்லாரும் நல்லா இருக்கீங்கல்ல, சரிக்கா, போனை வைக்கறேன்'னுகூட அர்த்தம் பண்ணலாம். நான் பண்ணலக்கா. எதிர்த்தரப்பு வக்கீல் பண்ணுவார்."

இரண்டு பேரும் மாடிப்படிக்கு அடியில் போய் டெலிபோனை எடுத்தார்கள். உயிரே இல்லை. சின்னவள் தட்டிப் பார்த்தாள். வயரை ஆட்டினாள். மழை எங்கேயோ ஒரு டெலிபோன் கம்பத்தைச் சாய்த்துவிட்டிருந்தது.

குளியலறையிலிருந்து அப்பா வந்தார். மழுமழுவென்ற முகம். தாடையில் சின்னதாக ஒரு வெட்டு, அதன்மேல் ஒரு துண்டுக் காகிதம். இஸ்திரி போட்ட சட்டை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

பெரியவள் போய் ஒரு சட்டையை எடுத்து வந்து கொடுத்தாள்.

கண்ணாடிக் கடையில் பதினாறு வருடமாக அவளுடைய வேலை என்ன? லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, 'இது தெளிவா, இதுக்கு முன்னாடி போட்டது தெளிவா?' என்று கேட்பது. அட்டையின் கடைசி வரிக்கு வந்ததும் பாதிப் பேர் எழுத்தைப் படிக்க மாட்டார்கள். அங்கே என்ன இருக்கும் என்று மனசு சொல்கிறதோ அதைச் சொல்வார்கள். 'ஊகிக்காதீங்க, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க,' என்று ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்கிறவள் அவள். இன்றைக்கு அவளே கடைசி வரியை ஊகித்துவிட்டு, வீடு முழுக்க உரக்கப் படித்தும் காட்டிவிட்டாள்.

பகல் சாப்பாட்டுக்கு அப்பாவே தட்டு வைத்தார். ஆறு பேர் இருந்த வீட்டில் ஏழு தட்டு.

"தாத்தா, கொக்கு மாமா அஞ்சு மணிக்குத்தானே வரார், இப்பவே ஏன் தட்டு, ஆறிப்போயிடாதா?" என்றாள் கமா.

"தட்டு எப்படி ஆறும்?" என்றாள் முற்றுப்புள்ளி.

அப்பா சிரித்தார். சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே, அவர் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்த காலத்துக் கதை ஒன்றை எடுத்தார். தூங்கிப்போன டிரைவரை எழுப்ப, பயணிகள் அத்தனை பேரும் சேர்ந்து ஹார்ன் அடித்த கதை. எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் நாலு வருடமாக அவர் அதைச் சொல்லவில்லை.

"அப்பா," என்றாள் பெரியவள், நடுவில்.

"என்னம்மா?"

சின்னவள் கரண்டியைக் கீழே வைத்தாள். லிஃப்ட் மெக்கானிக் கூரையைப் பார்த்தார்.

"உப்பு போதுமா?"

அப்பா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "போதும்மா," என்றார்.

பாத்திரம் கழுவும்போது கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் ஒரு தட்டை மூன்று தடவை துடைத்தார்.

"லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சுன்னு வை. உள்ள இருக்கறவங்ககிட்ட 'இதோ, இப்ப ஆயிடும்'னு சொல்லவே கூடாது. அரை மணி ஆகும்னா அரை மணின்னு சொல்லிடணும். பேசாம தரையில உக்காந்துப்பாங்க. அஞ்சு நிமிஷம்னு சொல்லிட்டு அரை மணி ஆச்சுன்னாதான் கதவை உதைப்பாங்க."

"அப்ப நீங்க போய்ச் சொல்லுங்களேன்."

"நான் லிஃப்டுக்கு மட்டும்தான் மெக்கானிக்."

நாலரை மணிக்கே அப்பா குடையோடு வாசலில் நின்றார். அஞ்சு மணிப் படகுக்கு நாலரைக்கு நிற்பதுதான் அவர் கணக்கில் சரியான நேரம். பெரியவளும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். துறை வரை சரிவான மண்பாதை. அவருடைய முழங்காலுக்கு ஒரு கை வேண்டியிருந்தது. அவள் தன் கையைக் கொடுத்தாள்.

மழை இப்போது அடித்துப் பெய்யவில்லை. நிதானமாக, வேறு வேலை இல்லாததுபோல் பெய்துகொண்டிருந்தது. பாதையோரப் புல்லெல்லாம் ஒரே பக்கமாகத் தலை சாய்த்திருந்தது.

"இதுல ஒண்ணும் தெரியல," என்று அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். கண்ணாடி முழுக்கத் துளித் துளியாகத் தண்ணீர். "நீ வச்சுக்கோ."

அவள் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். நாலு அடி நடந்தாள். இன்னும் நாலு அடி. துறையின் தகரக் கொட்டகை கண்ணில் பட்டதும் நின்றுவிட்டாள்.

"அப்பா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

அவரும் நின்றார்.

"அவன் வரானான்னு எனக்கு நிச்சயமாத் தெரியாது. லைன் சரியில்ல. கடைசியில அவன் சொன்னதை நான் எனக்கு வேண்டிய மாதிரி எடுத்துக்கிட்டேன். அவன் போனை வைக்கறதுக்குச் சொல்லியிருக்கலாம். நான் பாட்டுக்கு வரான், வரான்னு... நீங்க ஷேவ் பண்ணி, கட்டிலைக் கொடுத்து..."

குடையின்மேல் மழை பொடிப்பொடியாகத் தட்டியது.

"என்ன சொன்னான்?"

"'சரிக்கா. அப்ப நான் வரேன்.'"

"போறேன்னு சொல்லல?"

"இல்லப்பா."

"வைக்கறேன்னும் சொல்லல?"

"இல்ல."

"ம்," என்றார் அப்பா. அவள் கையை விடாமல் நடந்தார்.

கொட்டகையில் ஒரு பெஞ்சு. இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். ஏரியும் வானமும் எங்கே பிரிகின்றன என்று தெரியாத சாம்பல் நிறம். அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து, சரியாக ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது, மோட்டார்ச் சத்தம் வந்தது. பிறகு படகு வந்தது.

மூன்று பேர் இறங்கினார்கள். ரொட்டிப் பையை மார்போடு அணைத்துக்கொண்ட ஒரு தம்பதி. சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஒருவர். அவ்வளவுதான். படகு காலி.

படகோட்டி அம்மாள், மழைக்கோட்டுக்குள் முகம் மட்டும் தெரிய, கயிற்றைக் கட்டினாள். அப்பா எழுந்து போய்ப் படகின் உள்ளே வரை எட்டிப் பார்த்தார். மடக்கி வைத்த தார்ப்பாயைக்கூட ஒருமுறை பார்த்தார்.

பெரியவள் பெஞ்சிலிருந்து எழவே இல்லை. அவர் திரும்பி வரும்போது அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது?

ஆனால் அவர் சாதாரணமாகத்தான் வந்தார்.

"எங்க நோட்டுல 'வரல'ன்னு ஒரு கட்டமே கிடையாது, தெரியுமா? 'தாமதம்'னுதான் எழுதுவோம்." பக்கத்தில் உட்கார்ந்தார். "அது கிடக்கட்டும். நீ என்ன பதில் சொன்ன?"

"எதுக்குப்பா?"

"அவன் வரேன்னான்ல. அதுக்கு."

"பதில் சொல்ல எங்கப்பா நேரம்? லைன்தான் கட்டாயிடுச்சே."

"அப்ப அவன் சொன்னது அந்தரத்துல நிக்குது." அப்பா முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "வர்றதுக்காகச் சொல்லியிருந்தா, 'வா'ங்கணும். கிளம்பறதுக்காகச் சொல்லியிருந்தா, 'போயிட்டு வா'ங்கணும். எப்படிப் பார்த்தாலும் முடியறது 'வா'வுலதானேம்மா?"

பெரியவள் அவரைப் பார்த்தாள்.

"அன்னிக்கு நான் 'போ'வோட நிறுத்திட்டேன்," என்றார் அப்பா. "பாக்கியைச் சொல்லல. உங்கம்மாவை வேற இழுத்தேன். அவ இருந்திருந்தா என்னைத்தான் பார்த்து வெக்கப்பட்டிருப்பா."

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்தார். சின்னவளின் கையெழுத்து. கோழி கிளறியதுபோல் பொடிப்பொடியாக ஒரு போன் நம்பர்.

"இதை எப்ப வாங்கினீங்க?"

"சாப்பாட்டுக்கு அப்புறம். நீ உப்பு போதுமான்னு கேட்டியே, அப்பவே தெரிஞ்சுபோச்சு. முப்பது வருஷமா, வண்டி வருமா வராதான்னு நிக்கற ஜனங்க மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தவன்மா நான்." எழுந்தார். "ஏம்மா!" என்று படகோட்டியைக் கூப்பிட்டார். "அக்கரையில போன் வேலை செய்யுதா?"

"செய்யுதுங்க. துறைக் கடையிலயே இருக்கு."

"திரும்பி எப்ப வருவீங்க?"

"ஆறு மணிக்கு ஒரு நடை. அதோட சரி."

"ஆறு மணி. போதும்." அப்பா குடையை மடக்கினார்.

பெரியவளுக்கு அப்போதுதான் உறைத்தது. "அப்பா, படகுலயா? நீங்களா? நான் போய்ப் பேசிட்டு வரேனே."

"அவன் உன்கிட்டயா கோவிச்சுக்கிட்டுப் போனான்?"

"சரி, நானும் கூட வரேன்."

"நீ இங்க நில்லு. ஒருவேளை அவன் வேற எந்த வழியாவது வந்து நின்னா, வாசல்ல ஆள் வேணும்."

படகோட்டி அம்மாள் கையை நீட்டினாள். அப்பா வலது காலைத் தூக்கினார். படகு கொஞ்சம் ஆடியது. தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது, ஒரு கணம், இரண்டு கணம். பிறகு இறங்கியது. இன்னொரு காலும் இறங்கியது. நடுப்பலகையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். விரல் கணுவெல்லாம் வெளுத்துப்போகும் பிடி. ஆனாலும் முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"வரேம்மா," என்றார்.

"போயிட்டு வாங்கப்பா."

மோட்டார் இருமியது, பிடித்துக்கொண்டது. படகு விலகியது. இஸ்திரிச் சட்டையின் முதுகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பலுக்குள் கரைந்தது. பெரியவள் கை காட்டலாம் என்று சட்டைப் பையிலிருந்து கையை எடுத்தாள். கையோடு ஏதோ வந்தது.

அப்பாவின் மூக்குக்கண்ணாடி.

"ஐயோ, அப்பா! கண்ணாடி!"

அது இல்லாமல் அவருக்குப் பேப்பர் தலைப்புக்கூடத் தெரியாது, அவருடைய கண்ணாடி பவர் அவளுக்கு அத்துப்படி. சின்னவளின் கோழிக் கிளறலை எங்கே படிக்கப் போகிறார்? கரையோரமாக ஓடினாள், கூப்பிட்டாள். மோட்டார்ச் சத்தத்தில் எதுவும் போய்ச் சேரவில்லை.

சரி, துறைக் கடையில் யாராவது இருப்பார்கள். சீட்டை நீட்டி, 'இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க' என்று கேட்பார். யாரோ ஒருவர் படித்துச் சொல்வார். உலகம் அவ்வளவு மோசமா என்ன?

மழை லேசாக விட்டது. அக்கரையில் கடையின் விளக்கு மஞ்சளாக ஒரு புள்ளி காட்டியது. விளக்குக்குக் கீழே பெஞ்சு. பெஞ்சில் ஒரு குடை.

படகு நெருங்க நெருங்க அந்தக் குடை எழுந்து நின்றது.

பெரியவள் தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பார்த்தாள். கழற்றிவிட்டுப் பார்த்தாள். இது தெளிவா, இதுக்கு முன்னாடி தெளிவா? இக்கரைக்கு வரும் கடைசிப் படகைத் தவறவிடாமல் இருக்க எழுந்து நிற்கும் யாரோ ஒருவரா? இல்லை, அஞ்சு மணிப் படகை அஞ்சு நிமிடத்தில் தவறவிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவனா? அந்தக் கால்கள் நீளமா, இல்லை நடுவில் விழும் மழைக்கோடுகள் அப்படி இழுத்துக் காட்டுகின்றனவா?

தொண்டை வரை ஒரு பேர் வந்துவிட்டது.

அவள் அதைச் சொல்லவில்லை. பின்னால் மண்பாதையில் இரட்டையர் தடதடவென்று ஓடி வரும் சத்தம் கேட்டது. "அம்மா, வந்துட்டாரா, கொக்கு மாமா வந்துட்டாரா, தாத்தா எங்க, அந்தப் படகுல போறது யாரு..."

"தெரியலடி," என்றாள் பெரியவள், கண்ணை எடுக்காமல். "இங்கேருந்து தெரியல. படகு கரையைத் தொடட்டும்."

இரண்டு பக்கமும் இரண்டு சின்ன ஈரக் கைகள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டன. அப்பாவின் கண்ணாடியை உடையாமல் விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, அவள் அப்படியே நின்றாள்.